மேலே உட்கார்ந்தவர் பேசக் கூடாது

சுண்டுவின் அம்மாவுக்கு, அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், ரேடியோ என்று பெயர். முதலாளி வைத்த பெயர். லென்ஸை மிஷினில் வைத்து, ஃப்ரேமுக்குத் தகுந்தபடி ஓரம் தேய்ப்பது அவள் வேலை. மிஷின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ரேடியோ பேசுவது மட்டும் வாசல் வரைக்கும் கேட்கும். கை ஒரு மயிரிழை பிசகாது, வாய் ஒரு நிமிஷம் ஓயாது. வாடிக்கையாளர் யாராவது "இந்தக் கண்ணாடி கொஞ்சம்..." என்று ஆரம்பித்தால் போதும். "மூக்குல வழுக்குதா, காதுல அழுத்துதா, கிட்டத்துல மங்கலா இருக்கா?" என்று எல்லாவற்றையும் இவளே கேட்டு, எல்லாவற்றுக்கும் இவளே வழி சொல்லி அனுப்பிவிடுவாள். நல்லவள்தான், யாருக்கும் கெடுதல் நினைக்காதவள். ஆனால் அடுத்தவர் வாயிலிருந்து வார்த்தை வந்து விழும்வரை காத்திருக்கிற பொறுமையை மட்டும் கடவுள் அவளுக்குக் கொடுக்கவில்லை.

அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த பெண்ணுக்குத் திக்குவாய்.

சுண்டுவுக்கு ஒன்பது வயது. சொல்வதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. எல்லாம் முதல் எழுத்தில் வந்து மாட்டிக்கொள்ளும். "த... த..." என்று அவள் ஆரம்பித்தால் தண்ணீர் டம்ளர் முன்னால் வந்துவிடும். "ப... ப..." என்றால் பசியா, பென்சில் தொலைந்துவிட்டதா, பள்ளிக்கூடத்தில் சண்டையா என்று அம்மா வரிசையாகக் கேட்பாள். பெண் எதற்காவது தலையாட்டுவாள். பல நாள் சரியானதற்கு ஆட்டுவாள். சில நாள் 'ஆளை விட்டால் போதும்' என்று ஏதோ ஒன்றுக்கு ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டர் அம்மாவைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். "அவளுக்குப் பதிலா நீங்க பேசாதீங்க. அவளா முடிக்கிற வரைக்கும்..." "காத்திருக்கணும், அவ்வளவுதானே டாக்டர், காத்திருக்கேன்" என்று டாக்டரின் வாக்கியத்தையும் முடித்துக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள்.

குதிரைப் பேச்சு வந்ததே ரேடியோவின் கடைவாய்ப் பல்லால்தான். அந்தப் பல்லைப் பிடுங்கி, வாய் நிறையப் பஞ்சை வைத்து, ராத்திரி வரைக்கும் பேசக் கூடாது என்று அனுப்பியிருந்தார்கள். முகம் வீங்கிச் சோபாவில் கிடந்தவள் முன்னால் வந்து நின்றாள் சுண்டு. "எ... எனக்கு..." என்று ஆரம்பித்தாள். அம்மாவால் ஒன்றும் கேட்க முடியவில்லை. "எனக்கு... கு... கு... குதிரை ஏறக் கத்துக்கணும். ப... பஸ்ல போறப்ப வருமே, அ... அந்த லாயத்துல." இவ்வளவு நீளமான ஒன்றை அந்தப் பெண் தன்னந்தனியாகச் சொல்லி முடித்து ரேடியோ கேட்டதே இல்லை. அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. பஞ்சோடு தலையாட்டிவிட்டாள். ஆட்டிய தலையைத் திரும்ப வாங்க முடியுமா?

பள்ளிக்கூட பஸ் போகிற வழியில் இருந்தது அந்த லாயம். பந்தயத்தில் ஓடிக் களைத்தவை, வண்டி இழுத்துக் கால் கெட்டவை, வைத்துத் தீனி போட முடியாமல் ஆட்கள் கைவிட்டவை என்று நாதியில்லாத குதிரைகளைக் கூட்டிவந்து ஒரு தொண்டு அமைப்பு நடத்துகிற இடம். குழந்தைகளுக்கு ஏறவும் சொல்லிக் கொடுப்பார்கள். லாபம் பார்க்கிற இடம் இல்லை என்பதால் கட்டணம் பேருக்குத்தான். அதனாலேயே கூட்டம். ஒரு குழந்தை விலகினால்தான் இன்னொரு குழந்தைக்கு இடம். பெயரைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. "ஒரே ஒரு இடம் இருக்கு. ரெண்டு குடும்பத்தைக் கூப்பிட்டிருக்கோம். நாளைக்குக் காலையில வாங்க. வாராவாரம் குழந்தையோட யார் வரப் போறாங்களோ, அவங்களே வரணும்."

சுண்டுவின் அப்பாவுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. சனிக்கிழமைதான் அங்கே லாரிகள் வந்து குவியும். ஆகவே வாராவாரம் வரப் போவது ரேடியோ. பூனையைவிட உயரமான எந்தப் பிராணியும் அவளுக்கு ஆகாது. 'வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கப் போகிறோம், நமக்கென்ன' என்று மனதைத் தேற்றிக்கொண்டு கிளம்பினாள். சுண்டு ராத்திரி தூங்கவே இல்லை. காலையில் தானாகவே தலை பின்னிக்கொண்டு, ஷூ போட்டுக்கொண்டு, கதவருகில் நின்றாள். வழியெல்லாம் அம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்தாள். இந்த இடம் கிடைக்காவிட்டால் இந்தப் பெண் மறுபடி வாயைத் திறந்து எதையும் கேட்க மாட்டாள் என்று ரேடியோவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

லாயத்தில் இவர்களுக்கு முன்னால் ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வந்த இரண்டாவது நிமிஷத்தில் அதைச் சொல்லிவிட்டார். இதற்காகவே வாங்கிய பளபள பூட்ஸ் போட்டிருந்தார். பக்கத்தில் இரட்டைச் சடையோடு அவர் மகள். ஏஜென்டும் ரேடியோவும் ஒருவருக்கொருவர் குறுக்கே பேசி, ஆளுக்கு ஒரு கதையைப் பாதி பாதியாகச் சொல்லி முடித்தார்கள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் குதிரைகளைப் பார்த்தார்கள். பாதிக் கதவுகளுக்கு மேலே வரிசையாகத் தலைகள் நீட்டிக்கொண்டிருந்தன. வைக்கோலும் சாணமும் ஈரத் தோலும் கலந்த வாசனை. குழாயடியில் யாரோ ரப்பர் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

லாயத்தை நடத்துகிற அம்மாள் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், வெயிலில் காய்ந்த முகம், முழங்கால் வரை சேறு. வணக்கம் சொல்வதற்குக்கூடச் சிக்கனமாகத்தான் வாயைத் திறந்தார்.

"இங்க ஒரு வழக்கம் இருக்கு. முதல் நாள் குழந்தை ஏறாது. கூட வந்த பெரியவங்க ஏறணும். குழந்தை கயிறு பிடிச்சு ஒரு சுத்து கூட்டிட்டு வரணும்."

"பெரியவங்கன்னா..." என்றாள் ரேடியோ.

"நீங்கதான்."

ரேடியோ பாதிக் கதவுகளுக்கு மேலே நீட்டியிருந்த தலைகளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"கீழ கயிறு பிடிக்கிறவங்க மட்டும்தான் பேசலாம்" என்று லாயத்து அம்மாள் தொடர்ந்தார். "மேல உக்காந்தவங்க வாயே தொறக்கக் கூடாது. 'ம்' கூட வேணாம். குதிரைக்கு ரெண்டு குரல் கேட்டா எதைக் கேக்கறதுன்னு தெரியாம மிரளும். போன வருஷம் ஒரு அப்பா வேலிகிட்ட நின்னு கத்திக்கிட்டே இருந்தார். குதிரை துள்ளி, பொண்ணுக்குத் தோள்பட்டை எறங்கிப் போச்சு. அன்னையிலேர்ந்து இந்த ஏற்பாடு. பேசினா இடம் இல்லை. அடுத்த வாரம் வேற குடும்பத்தைக் கூப்பிட்டுடுவேன்."

பிறகு குழந்தைகளைக் குதிரையிடம் கூட்டிப்போனார். சாம்பல் நிறத்தில் ஒரு கிழட்டுப் பெண்குதிரை. அதை எல்லாரும் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அதனிடம் மரியாதையாக நடந்துகொள்ளாத ஆளைப் பெரியம்மா ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான். லாயத்து அம்மாள் கயிறு பிடிப்பதைச் செய்து காட்டினார். வலது கை பெரியம்மாவின் தாடைக்குக் கீழே, மீதிக் கயிறு மடிப்பு மடிப்பாக இடது கையில். "மடிச்சுப் பிடிக்கணும். கையில சுத்திக்கவே கூடாது. சுத்தினா, குதிரை பாயுற நேரத்துல கயிறு இறுகிக் கையோட போயிடும். விரல் போனவங்களை நான் பாத்திருக்கேன். யாராவது சுத்தினதைப் பாத்தேன்னா, அந்தக் குழந்தையை அனுப்பிடுவேன். மறுபடி இந்தப் பக்கமே வர வேணாம். புரியுதா?"

இரண்டு பெண்களும் தலையாட்டினார்கள். ரேடியோவும் ஆட்டினாள்.

முதலில் ஏஜென்ட். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, மரப்பெட்டியில் ஏறி, ரொம்பப் பழகியவர் மாதிரி காலைப் போட்டு உட்கார்ந்தார். மகள் கயிற்றை வாங்கினாள். "போலாம்" என்றாள். பெரியம்மா இரண்டு அடி வைத்தது.

"பாத்துடா செல்லம், காலை மிதிச்சிடப் போகுது" என்றார் ஏஜென்ட்.

"இறங்குங்க" என்றார் லாயத்து அம்மாள்.

ஏஜென்டுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் என்ன பேசினேன்?" என்று கேட்டார், கேட்ட பிறகு புரிந்தது. "மேடம், இது பேச்சா? பாசம் மேடம்."

"குதிரைக்கு வித்தியாசம் தெரியாது. இறங்குங்க."

அவர் முகம் சுண்டிப்போய் பெஞ்சுக்கு வந்தார். மகள் அழவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காராமல் பெஞ்சின் அடுத்த முனையில் போய் உட்கார்ந்தாள். அதை ரேடியோ பார்த்தாள். பாவம், நல்ல மனிதர். ஒரு வார்த்தைதான். இவ்வளவு சுலபமாக வந்து விழுந்துவிடுகிறதே!

அவள் முறை வந்தது. ஹெல்மெட்டின் பட்டை தாடையில் அழுத்தியது. அதுவும் நல்லதற்குத்தான் என்று இன்னும் ஒரு துளை இறுக்கிக்கொண்டாள். மரப்பெட்டிமேல் நின்றபோது சேணம் அவள் மார்பு உயரத்தில் இருந்தது. எப்படி ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. லாயத்து அம்மாள் பின்னால் இருந்து தள்ளினார், இவள் கண்ணை மூடிக்கொண்டாள், திறந்தபோது தரை எங்கேயோ கிடந்தது. அடியில் ஒரு பெரிய உடம்பு மூச்சு விட்டது. இவள் தொடைகளும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கின. இரண்டு கையாலும் சேணத்தின் முன்விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கீழே சுண்டு சின்னதாகத் தெரிந்தாள். கயிற்றைச் சரியாக மடித்துப் பிடித்திருந்தாள். லாயத்து அம்மாள் குதிரைக்கு அந்தப் பக்கமாக, வலது புறத்தில், கூடவே நடந்து வந்தார்.

"போ... போலாம்."

பெரியம்மா நடந்தது. ஒவ்வொரு அடிக்கும் ரேடியோவின் உயிர் போய்ப் போய் வந்தது. 'மெதுவா', 'மெதுவா', 'கால்', 'கல்லு', 'பாத்து' என்று வார்த்தைகள் வரிசை கட்டி நாக்கின் நுனிவரை வந்தன. பல்லைக் கடித்து எல்லாவற்றையும் விழுங்கினாள். கடையில் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை இந்த இருபது அடியில் விழுங்கியிருப்பாள்.

வேலி போட்ட அந்த வளையத்தின் பாதியில் நீல வண்ணம் அடித்த கம்பம் ஒன்று நட்டிருந்தது. அங்கே குழந்தை குதிரையை நிறுத்த வேண்டும். கையால் இழுத்து அல்ல, வாயால் சொல்லி. பெரியம்மாவுக்கு 'நில்லு' என்றால் தெரியும்.

கம்பம் வந்தது.

"நி..." என்றாள் சுண்டு. "நி... நி... நி..."

பெரியம்மா காதைத் திருப்பியது. நிற்கவில்லை. அதற்குப் பாதி வார்த்தை போதாது. சுண்டுவின் கழுத்து நரம்பு புடைத்தது. தோள் மேலே ஏறியது. அந்தத் தோள் ஏறுவதை ரேடியோ ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், ஏறிய அந்த நொடியே வார்த்தையைக் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மூன்றே எழுத்து. இவள் சொன்னால் குதிரை நின்றுவிடும். கம்பம் பின்னால் போனது. ரேடியோ கீழுதட்டைக் கடித்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

"நி... நில்லு!"

பெரியம்மா நின்றது. கம்பத்தைத் தாண்டித்தான், ஆனாலும் நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து லாயத்து அம்மாளின் குரல் வந்தது. "நல்லது. மறுபடி நடத்திட்டு வா." ரேடியோவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. 'பாதி முடிஞ்சுது, இன்னும் பாதிதான் என் கண்ணே' என்று மனதுக்குள் கத்தினாள்.

அடுத்த நிமிஷம் அந்தச் சந்தோஷம் போயே போய்விட்டது.

சுண்டு பயந்திருந்தாள். வார்த்தை மறுபடி மாட்டிக்கொண்டால் குதிரை நிற்காமல் போய்க்கொண்டே இருக்குமே என்ற பயம். வாயை நம்ப முடியாதவள் கையை நம்பினாள். இடது கையில் மடித்து வைத்திருந்த கயிற்றைப் பிரித்து மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றினாள். பிறகு உள்ளங்கையில் இன்னொரு சுற்று சுற்றி, முஷ்டியை மூடிக்கொண்டாள்.

எல்லாம் ரேடியோவுக்கு மேலிருந்து கண்ணாடி போட்டமாதிரி தெரிந்தது. அந்தச் சுற்று யார் சொல்லிக் கொடுத்தது என்றும் தெரிந்தது. காய்கறிப் பை, குடைக் கயிறு, சாப்பாட்டுக் கூடை, எதைப் பிடித்தாலும் "கையில ஒரு சுத்து சுத்திக்கோ, நழுவாது" என்று அந்தப் பெண் நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தது யார்? இந்த ரேடியோதான்.

லாயத்து அம்மாளுக்கு இது தெரிய வழியில்லை. நடுவில் குதிரை இருந்தது.

ரேடியோ சேணத்திலிருந்து ஒரு கையை எடுத்து, பிரி பிரி என்று சைகை செய்தாள். சுண்டு மேலே பார்க்கவே இல்லை. முன்னால் பார்த்து நடக்கச் சொல்லியிருந்தார்கள், முன்னால் பார்த்தே நடந்தாள். இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும், வெளியே வந்துவிடலாம். ஒன்றும் ஆகாது. பேசினால் இடம் போச்சு. பேசி, ஏன் பேசினேன் என்று சொன்னால், சுண்டுவுக்கு இந்த வாசலே போச்சு. ஒன்றும் ஆகாது, கிழட்டுக் குதிரைதானே, ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

வேலியோரத்தில் வைக்கோல் போர் ஒன்றைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பாயின் ஒரு முனையில் கட்டு அவிழ்ந்திருந்தது. காற்று அதற்கு அடியில் நுழைந்து பாயை மெல்லத் தூக்கியது. பெரியம்மாவின் இரண்டு காதும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் விறைத்தன. ரேடியோவின் தொடைக்கு அடியில் அந்தப் பெரிய உடம்பு கல்லாக இறுகியது.

"சுண்டு, கயித்தை விடு! கையை உதறு!"

அம்மா சொன்னால் உடனே செய்கிற பெண் அவள். முஷ்டியைத் திறந்து கையை உதறினாள். ஒரு சுற்று கழன்றது, இன்னொரு சுற்று கழன்றது, அதற்குள் தார்ப்பாய் 'படார்' என்று அடித்தது. பெரியம்மா பக்கவாட்டில் பாய்ந்தது. கயிறு சுண்டுவின் உள்ளங்கையை உரசிக்கொண்டு சீறிப் போனது. ரேடியோ எந்தப் பக்கம் விழுந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. இடுப்பில் மண் வந்து மோதியது, வாய் நிறையத் தரையில் தூவியிருந்த மரத்தூள்.

அவள் எழுந்து உட்கார்ந்தபோது பெரியம்மா வேலியோரம் நின்று, ஒன்றுமே நடக்காத மாதிரி மூக்கை ஊதிக்கொண்டிருந்தது. லாயத்து அம்மாள் கயிற்றைப் பிடித்துவிட்டிருந்தார். சுண்டு நின்ற இடத்திலேயே நின்றாள், இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. ஐந்து விரலும் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இப்படி நிற்க முடியாது. ரேடியோவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அடி பட்டுதா?"

"இல்ல மேடம்."

"கை காலை அசைச்சுக் காட்டுங்க." காட்டினாள். எல்லாம் அசைந்தது. பிறகு அந்த அம்மாள் கேட்டார். "ஏன் பேசினீங்க? இவ்வளவு நேரம் நல்லாத்தானே வந்தீங்க."

ரேடியோ மகளைப் பார்த்தாள். இன்றைய இடம் போய்விட்டது, அது போகட்டும். உண்மையைச் சொல்லாவிட்டால் மறுபடி பெயர் கொடுக்கலாம், மறுபடி மாதக்கணக்கில் காத்திருக்கலாம். சொன்னால் எதுவுமே இல்லை.

"பயந்துட்டேன் மேடம்" என்றாள். "பாய் பறந்ததும் தலைகால் புரியலை. வாய்க்கு வந்ததைக் கத்திட்டேன்."

"நான்தான் சொன்னேனே" என்றார் பெஞ்சிலிருந்த ஏஜென்ட், யாரிடமும் எதுவும் சொல்லியிராதவர். "பெத்தவங்களால முடியவே முடியாது."

லாயத்து அம்மாள் பெருமூச்சு விட்டார். "சரி. வழக்கம் தெரியும் உங்களுக்கு. இடம் இல்லை." குதிரையைத் திருப்பினார்.

"நா..." என்றாள் சுண்டு.

எல்லாரும் திரும்பினார்கள்.

"நா... நா... நா..."

தோள் மேலே ஏறியது. முகம் சிவந்தது. ரேடியோவுக்கு அந்த வாக்கியத்தின் முழு நீளமும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. இதை மாற்ற அவளுக்கு ஒரு நொடி போதும். 'நாம வீட்டுக்குப் போலாம்னு சொல்றா மேடம்' என்று சொல்லித் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். இத்தனை வருஷமாகச் செய்ததுதானே? பெண்ணும் வழக்கம்போலத் தலையாட்டிவிடுவாள். வாய் திறந்துவிட்டது. மகளின் கண் அவளைப் பார்த்தது. அந்தக் கண் கெஞ்சவில்லை. கோபமாக இருந்தது.

ரேடியோ வாயை மூடிக்கொண்டாள்.

"நானும் பயந்துட்டேன்னு சொல்றியா பாப்பா?" என்றார் ஏஜென்ட் கனிவாக.

சுண்டு தலையை அசைத்தாள், இல்லை என்று. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். "நா... நா..."

"நாளைக்கு வரட்டுமான்னு கேக்கறியா?"

"சார்!" என்றாள் ரேடியோ. இவ்வளவு கடுமையாக அவள் யாரிடமும் பேசியது கிடையாது. "கொஞ்சம் இருங்க. அவ சொல்லட்டும்."

ஏஜென்ட் வாயடைத்துப் போனார். எங்கேயோ ஒரு குதிரை வாளியைக் காலால் தட்டியது. ரேடியோ இடுப்பு வலியோடு மண்ணில் உட்கார்ந்தபடியே, மகள் தன் வாயால் இந்த வாசலையே தொலைக்கப் போவதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு குதிரைமேல் இருந்ததைவிடக் கொடுமையாக இருந்தது.

"நா... நான் க... கயித்தைக் கையில சுத்தினேன்." சுண்டு முதுகுக்குப் பின்னால் இருந்த கையை எடுத்து நீட்டினாள். உள்ளங்கையில் தோல் உரிந்து, மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் இருந்தது. "அ... அதான் அம்மா க... கத்தினா. அம்மா ப... பயப்படல."

லாயத்து அம்மாள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. பக்கத்தில் கவிழ்ந்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் அந்தப் பக்கம் நின்னுட்டேன்" என்றார். "எனக்குத் தெரியவே இல்லை."

"சுத்தச் சொல்லிக் குடுத்தது நான்தான் மேடம்" என்றாள் ரேடியோ. "அவ மேல தப்பில்லை. சின்ன வயசுலேர்ந்து..."

"உங்களை அப்புறம் கேக்கறேன்." அந்த அம்மாள் சுண்டுவிடம் திரும்பினார். "சுத்தினா அனுப்பிடுவேன்னு சொன்னேனே. தெரிஞ்சேதான் சொன்னியா?"

"தெ... தெரியும்."

அந்த அம்மாள் மருந்துப் பெட்டியை எடுத்து வரச் சொல்லி, உரிந்த இடத்தில் தானே மருந்து போட்டார். போட்டுக்கொண்டே சொன்னார். "நான் பாத்தா அனுப்பிடுவேன்னுதான் சொன்னேன். தானா வந்து சொல்ற குழந்தையை என்ன பண்றதுன்னு இங்க ஒரு வழக்கமும் கிடையாது, இதுவரைக்கும் யாரும் வந்து சொன்னதில்லை. கயிறு பிடிக்கிறதை ஒரே வாரத்துல சரி பண்ணிடலாம். உனக்கு இடம் உண்டு."

அவர் சொன்னது சுண்டுவுக்கு உடனே மண்டையில் ஏறவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் இல்லை" என்றார் லாயத்து அம்மாள், ரேடியோவிடம். "கத்தினது சரி. கத்தலேன்னா விரல் போயிருக்கும், உங்க காலைத் தொட்டுக் கும்பிடணும் நான். ஆனா அதுக்கப்புறம் நான் கேட்டப்போ பொய் சொன்னீங்க. குழந்தைக்கு இடம் கிடைக்கணும்னு இன்னைக்கு ஒண்ணை மறைச்சவங்க, நாளைக்கு இன்னொண்ணையும் மறைப்பீங்க. உங்களை நம்பி இந்த வேலிகிட்ட நிக்க வைக்க முடியாது. வேற பெரியவங்க யாராவது வரட்டும்."

வேறு பெரியவர் யார்? சனிக்கிழமை லாரிகளுக்கு நடுவே நிற்கிற மனிதரா? ரேடியோவுக்கு முகம் எரிந்தது. அந்த அம்மாள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட அவளால் மறுக்க முடியவில்லை. நொண்டிக்கொண்டே எழுந்து மரத்தூளைத் தட்டினாள்.

"நீங்க சொல்றது நியாயம் மேடம். எனக்கு நல்லா வேணும். இனிமே மறைக்க மாட்டேன்." ஹெல்மெட் பட்டையை மறுபடி இறுக்கினாள். "இன்னொரு தடவை ஏறுறேன். என்னை நம்பலாமான்னு நீங்களே பாருங்க."

"எப்போ?"

"இப்பவே."

"இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

"ஏறிடுவேன்."

"அப்போ நானும்..." என்று ஏஜென்ட் எழுந்தார். பெஞ்சின் அடுத்த முனையிலிருந்து அவர் மகள் சொன்னாள், "அப்பா, சும்மா இருப்பா." அவர் உட்கார்ந்தார். லாயத்து அம்மாள் பெரியம்மாவின் கழுத்தைத் தடவி, காலைத் தொட்டுப் பார்த்து, அது அமைதியாகிவிட்டதா என்று நிச்சயம் செய்துகொண்டார். தார்ப்பாயின் முனையை இழுத்துக் கட்டினார். பிறகு மரப்பெட்டியைக் காலால் நகர்த்தி வைத்தார்.

இந்தத் தடவை ரேடியோ கண்ணை மூடவில்லை. இடுப்பு விண் விண் என்று தெறித்தது, ஆனாலும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். லாயத்து அம்மாள் இந்த முறை சுண்டு நின்ற பக்கமாகவே வந்து நின்றார். சுண்டு மருந்து போட்ட கையில் கயிற்றை மடிப்பு மடிப்பாக வாங்கிக்கொண்டாள். உடனே நடக்கவில்லை. தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள்.

"வா..." என்றாள். "வா... வா..."

வாயைத் திறக்காதே என்று சொல்லப் போகிறாள். முதல் எழுத்திலேயே ரேடியோவுக்குத் தெரிந்துவிட்டது, அங்கே நின்ற யாருக்குமே தெரிந்திருக்கும். ஆனாலும் காத்திருந்தாள்.

"வா... வாயைத் தொறக்காத." சுண்டு மூச்சு வாங்கினாள். இன்னும் முடியவில்லை. "நா... நான் ம... மறுபடி சுத்தினா மட்டும் க... கத்து."

முன்பாதி ரேடியோ நினைத்ததுதான். பின்பாதி அவளுக்குத் தோன்றவே இல்லை. 'சரி' என்று சொல்ல நாக்கு எழுந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.